ஒரு வாக்கியம், சில உரைகற்கள்: மெய்யியல் முறைகளைக் கையாளப் பழகுவது எப்படி?

மெய்யியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களில் மாட்டிக்கொள்கிறார்கள். யார் எந்த நூற்றாண்டு, எந்த வாதம், யாருக்கு யார் மாணவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆறு மாதம் படித்த பிறகும் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து "இதை எப்படி யோசிப்பீர்கள்?" என்று கேட்டால் திகைத்துப்போவார்கள். தச்சு பழக வந்தவருக்கு உளியைத் தராமல் தச்சர்களின் வாழ்க்கை வரலாற்றைத் தந்த கதைதான்.

இங்கே உளிகளை மட்டும் பார்க்கலாம். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, மெய்யியலாளர்கள் கையாண்ட முறைகளில் அதை உரசிப் பார்ப்போம். வாக்கியம் இது:

கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

சாதாரணமாகத் தெரிவதால்தான் இதைத் தேர்ந்தோம். "காலம் என்றால் என்ன?", "கடவுள் உண்டா?" என்று தொடங்குகிறவர்கள் முறை பிடிபடுவதற்கு முன்பே பொருளில் மூழ்கிவிடுகிறார்கள்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒவ்வொரு முறைக்கும் நாற்பது நிமிடம் வேண்டும். நாளுக்கு ஒரு முறை போதும். இடது பக்கத்தில் வாக்கியம், வலது பக்கத்தில் அதற்கு நேர்ந்த கதி. வாக்கியம் மாறினால் பழையதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதன் கீழே புதியதை எழுதுங்கள். கைப்பேசியிலோ கணினியிலோ எழுதினால் அழித்தது அழிந்தே போகும். எதை ஏன் கைவிட்டோம் என்ற தடம்தான் இந்தப் பயிற்சியில் மிகவும் மதிப்புள்ளது.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

வாக்கைப் பற்றி இருவர் மோதிக்கொள்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லும் பதில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். "நான் அப்படிச் சொல்லவே இல்லை." "சொன்னேன், ஆனால் அது வாக்குறுதி இல்லை." "வாக்குறுதிதான், இருந்தாலும் இப்போது நிறைவேற்ற வேண்டியதில்லை."

முதல் பதில் நடந்தது என்ன என்பதைப் பற்றியது. சாட்சியும் கடிதமும் அதைத் தீர்க்கும். மெய்யியலுக்கு அங்கே வேலை கிடையாது. இரண்டாவது சொல்லின் பொருளைப் பற்றியது. மூன்றாவது நெறியைப் பற்றியது. ஒன்றுக்கு உரிய கருவியை இன்னொன்றில் செலுத்தினால் விடிய விடியப் பேசினாலும் ஓர் அங்குலம் நகராது.

இந்திய மரபில் இந்தப் பிரிப்பு வேலை "அளவை" என்ற தலைப்பில் வரும். எதை வைத்து ஒன்றை அறிந்ததாகக் கொள்ளலாம் என்பதே அளவை. பழைய இந்தியத் தத்துவப் பிரிவினரில் சார்வாகர் காண்டல் (புலன்களால் நேரே அறிவது) ஒன்றை மட்டும் ஏற்றார்கள். பௌத்தர் காண்டலோடு கருதலையும் (ஊகித்து அறிவது) சேர்த்து இரண்டு என்றார்கள். சாங்கியர் மூன்று, நியாயத்தார் நான்கு, பாட்ட மீமாம்சையார் ஆறு. மணிமேகலையின் 27ஆம் காதை இந்தக் கணக்கைப் பத்து வரைக்கும் கொண்டுபோகிறது. எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வேண்டாம். வாதத்தில் வரும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது காண்டலா, கருதலா, பிறர் உரையா என்று ஓர் எழுத்தில் குறித்துவிடுங்கள். "அவர் வரவில்லை" காண்டல். "அவர் மறந்திருப்பார்" கருதல். "வாக்கு தவறுவது பாவம்" உரை.

மூன்றிலும் அடங்காமல் ஒரு வரி மிஞ்சினால் பெரும்பாலும் அதில் "வேண்டும்", "கூடாது" என்ற சொல் இருக்கும். உள்ளதைச் சொல்லும் வரிகளை மட்டும் அடுக்கிவிட்டுத் திடீரென்று "வேண்டும்" என்று முடிக்கிறார்களே, இந்தத் தாவல் எங்கே நடந்தது என்று டேவிட் ஹியூம் 1740இல் கேட்டார். நம் வாக்கியமும் "வேண்டும்" என்றே முடிவதால், அந்தத் தாவலுக்கு எங்காவது படி கட்டியே ஆக வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

சொல்லை அளப்பது

"வாக்கு" என்றால் என்ன? அகராதியைத் திறக்க வேண்டாம். அந்தச் சொல்லும் அதன் உறவுகளும் வரும் பத்து வாக்கியங்களை, மக்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். பத்துக்குக் குறைந்தால் ஓரச் சிக்கல்கள் வெளியே வராது.

"போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். திரும்பி வராவிட்டால் வாக்குத் தவறியவர் என்று யாரும் ஏசுவதில்லை. "நாளைக்கு வர்றேன்" என்றால்? கொஞ்சம் கட்டுப்படுகிறது. "கண்டிப்பா வர்றேன்" என்றால் இன்னும். "பார்க்கலாம்" என்பது பல வாய்களில் மறுப்பு. "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்பதும் எதிர்காலச் செயலைப் பற்றிய உறுதிதான். ஆனால் அதை வாக்குறுதி என்று சொல்லமாட்டோம், மிரட்டல் என்போம். ஏன்? கேட்பவர் அதை விரும்பவில்லை.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிபந்தனைகள் தாமாகவே தலைகாட்டும். சொல்பவர் தானே செய்யப்போகும் செயலாக இருக்க வேண்டும். கேட்பவர் அதை விரும்ப வேண்டும். அவர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். சொன்னதனாலேயே ஒரு கட்டு விழ வேண்டும். கடைசி நிபந்தனைதான் சூட்சுமம். சில சொற்களைச் சொல்வதே ஒரு செயல் என்று ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றிய உரைகளில் காட்டினார். "மழை பெய்கிறது" என்று சொல்வதால் மழை பெய்யாது. "வாக்குத் தருகிறேன்" என்று சொல்வதால் வாக்குத் தரப்பட்டுவிடுகிறது.

நிபந்தனைகளை எழுதியதும் ஒவ்வொன்றையும் உடைக்கப் பாருங்கள். நிபந்தனை எல்லாம் பொருந்தியும் வாக்கு ஆகாத ஓர் எடுத்துக்காட்டு, பொருந்தாமலே வாக்கு ஆகிவிட்ட ஓர் எடுத்துக்காட்டு என்று இரண்டு திசையிலும் தேட வேண்டும். புதியவர்கள் ஒரு திசையில் மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

தமிழில் இதைச் செய்யும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, இரட்டைப் பொருள்: "வாக்களித்தார்" என்றால் உறுதி கொடுத்தார் என்றும் ஆகும், தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்றும் ஆகும். வாதத்தின் நடுவில் இப்படி ஒரு சொல் பொருள் மாறினால் மேற்கொண்டு வருவதெல்லாம் வீண். இன்னொன்று மொழிபெயர்ப்பு. அறிவைப் பற்றிய மேலைநாட்டு வாதங்களைத் தமிழில் படிக்கும்போது "நம்பிக்கை" என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் நம்பிக்கை என்பதில் ஒருவரை நம்புவதும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன. மூலத்தில் அவர்கள் பேசுவது பெரும்பாலும் வெறும் "அப்படி நினைப்பது" மட்டும்தான். அந்த இடத்தில் "நினைப்பு" என்று போட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சாக்ரடீஸின் குறுக்கு விசாரணை

கி.மு. 399இல் நஞ்சருந்தி இறந்த சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய முறை பிளேட்டோவின் உரையாடல்கள் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க "லாக்கீஸ்" என்ற சிறிய உரையாடல் நல்ல இடம்.

துணிவு என்றால் என்ன என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அணியில் தன் இடத்தை விட்டு ஓடாமல் நின்று போரிடுவது என்கிறார் தளபதி லாக்கீஸ். குதிரைவீரர்களான சித்திய இனத்தார் பின்வாங்கிக்கொண்டே போரிடுகிறார்களே, அவர்கள் துணிவில்லாதவர்களா? தளபதி விடையை மாற்றுகிறார்: துணிவு என்பது மனத்தின் ஒருவகைத் தாங்குதிறன். முட்டாள்தனமாகத் தாங்குவதும் துணிவா? இல்லை, அறிவோடு தாங்குவது. அப்படியானால் கிணற்றில் மூழ்கத் தெரிந்தவர் இறங்குவதைவிடத் தெரியாதவர் இறங்குவதைத்தானே அதிகத் துணிவு என்கிறோம்? இதற்கும் தளபதி தலையாட்டுகிறார். அறிவோடு தாங்குவதே துணிவு என்றவர், அறிவில்லாமல் தாங்குவதே கூடுதல் துணிவு என்று இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதன் எலும்புக்கூடு இதுதான். ஒருவர் ஒரு கூற்றைச் சொல்கிறார். அதோடு சேர்த்து வேறு சிலவற்றையும் அவரே ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் கூட்டினால் முதல் கூற்றோடு மோதுகிறது. கேள்வி கேட்பவர் தன் சரக்கு எதையும் உள்ளே வைப்பதில்லை. வைத்துவிட்டால் அது விசாரணை ஆகாது, சொற்பொழிவு ஆகிவிடும்.

நம் வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். பிளேட்டோவின் "குடியரசு" முதல் புத்தகத்தில் இதற்கு ஆயத்தமான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. நண்பரிடம் ஆயுதத்தை இரவல் வாங்கினீர்கள். கேட்கும்போது தருவதாகச் சொன்னீர்கள். அவர் சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்கிறார். தருவீர்களா? மாட்டேன் என்றால் "காப்பாற்றியே ஆக வேண்டும்" உடைகிறது.

உடைந்ததும் மூன்று வழிகள் உண்டு. கூற்றைத் திருத்தலாம். ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறலாம் ("கொடுத்தே தீருவேன்"). இது உண்மையில் வாக்கே ஆகாது என்று முந்தைய பகுதிக்குத் திரும்பலாம். மூன்றையும் நோட்டில் எழுதிய பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த இடத்தில்தான் அதிகம் கெடும். "சித்தம் கலங்கியவர் தவிர", "உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர", "ஏமாற்றிப் பெற்ற வாக்கு தவிர" என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு விலக்கு வரை பொறுக்கலாம், மூன்றாவது வந்தால் கூற்றை நிறுத்திவிட்டு, இந்த விலக்குகளுக்கெல்லாம் பொதுவான காரணம் என்ன என்று தேட வேண்டும். இந்த மூன்று விலக்குகளிலும் வாக்குக்குப் பின்னால் இருந்த நோக்கமே கெட்டுப்போயிருக்கிறது. அப்படியானால் வாக்கு ஏன் கட்டுகிறது என்பதே உண்மையான கேள்வி. இடது பக்கத்தில் வாக்கியம் மாறுகிறது:

ஒருவர் நம் வாக்கை நம்பித் தம் காரியங்களை அமைத்துக்கொண்டால், அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த முறையை வீட்டாரிடமும் நண்பர்களிடமும் முன்னறிவிப்பில்லாமல் பயன்படுத்தாதீர்கள். சம்மதித்தவரிடம், ஒருவரை ஒருவர் மாறி மாறிக் கேட்டு, இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்வதே நல்லது. சாக்ரடீஸுக்கு ஏதென்ஸில் எத்தனை பகைவர் என்பது தெரிந்த கதை.

ஐந்து உறுப்பில் எழுதுவது

வாக்கியத்தில் இப்போது ஒரு காரணம் வந்துவிட்டது. காரணத்தைச் சோதிக்க இந்திய ஏரண (தருக்க) மரபைவிட நேர்த்தியான கருவி கிடைப்பது அரிது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைப் பாடமாகவே நடத்துகிறார். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதை இங்கே பொருத்துவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு. இம்மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களை போல, இம்மலையிலும் புகை இருக்கிறது, ஆகவே நெருப்பு இருக்கிறது.

திட்டாந்தம் அலங்காரத்துக்கு வைத்ததாகத் தோன்றும். உண்மையில் பொறுப்பான வேலை அதனுடையதுதான். காரணமும் முடிவும் சேர்ந்தே இருக்கும் ஓர் இடத்தைக் காட்டியாக வேண்டும் என்பதால் வெறும் சொல்லடுக்கில் தப்பிக்க முடியாது. முடிவு இல்லாத இடத்தில் காரணமும் இல்லை என்று எதிர்மறையிலும் ஓர் இடம் காட்ட வேண்டும். நெருப்பில்லாத, ஆகவே புகையும் இல்லாத நீர் அங்கே எடுத்துக்காட்டு.

நம்முடையதை எழுதினால்:

பக்கம்: இந்த வாக்கு காப்பாற்றப்பட வேண்டியது.
ஏது: கேட்டவர் அதை நம்பித் தம் காரியத்தை அமைத்துக்கொண்டதால்.
திட்டாந்தம்: நான்கு மணிக்கு அழைத்துப்போக வருகிறேன் என்று சொல்லி, அதை நம்பி மற்றவர் வேறு வண்டி ஏற்பாடு செய்யாமல் இருப்பது போல. எதிர்மறை: யாரும் கேட்காதபோது தனக்குள் முணுமுணுத்துக்கொண்ட தீர்மானம் போல.
உபநயம்: இந்த வாக்கையும் கேட்டவர் நம்பியிருக்கிறார்.
நிகமனம்: ஆகவே இது காப்பாற்றப்பட வேண்டியது.

இனி ஏதுப்போலி, அதாவது போலிக் காரணம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் காதை மூன்று வகை சொல்கிறது. காரணம் அந்த இடத்தில் இல்லவே இல்லை என்றால் அசித்தம்: உங்களை யாரும் நம்பவில்லை, மாற்று வண்டி ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்டது. காரணம் முடிவுள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் இருந்தால் அநைகாந்திகம். காரணம் நேரெதிர் முடிவுக்கே கொண்டுபோனால் விருத்தம்.

நம் காரணம் இரண்டாவது பொறியில் சிக்குகிறது. இம்மானுவேல் காண்ட் நாள்தோறும் ஒரே நேரத்தில் உலாவப் போனதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, எடுத்துக்காட்டு உதவும். அவரை நம்பித்தான் அவர்கள் காரியத்தை அமைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அவர் உலாவப் போகாவிட்டால் கடமை தவறினாரா? இல்லை. நம்பிக்கை இருக்கிறது, கட்டு இல்லை. ஆகவே "நம்பினார்" என்பது போதாது, "நம்பும்படி நாம் அழைத்தோம்" என்று சேர்க்க வேண்டும். வாக்கியம் மறுபடி மாறுகிறது.

பக்கத்தில் ஒரு சங்கதி. ஏது பொய்யாக இருந்தும் முடிவு மெய்யாக அமைந்துவிடலாம். எட்டாம் நூற்றாண்டு பௌத்த ஏரணியர் தர்மோத்தரர் தந்த எடுத்துக்காட்டு: இறைச்சி சுட நெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது, புகை இன்னும் எழவில்லை, மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்த ஒருவர் புகை என்று எண்ணி, நெருப்பு இருக்கிறது என்று முடிவுகட்டுகிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவர் அதை அறிந்தாரா? இதே வகைக் கேள்வியை 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரையில் எழுப்பியபோது மேலைநாட்டு அறிவுக் கோட்பாடே ஆட்டம் கண்டது. முடிவு சரியாக வந்தது என்பதற்காக வழியைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

ஐயம்: எப்போது எடுக்கக் கூடாது

1641இல் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த் வெளியிட்ட "தியானங்கள்" என்ற நூலில் முறையான ஐயம் மூன்று படியாக ஏறுகிறது. தொலைவில் உள்ள கோபுரம் வட்டமாகத் தெரிந்து கிட்டப் போனால் சதுரமாக இருக்கிறது. ஆகவே புலன்கள் சிலபோது ஏமாற்றும். கனவில் இருக்கும்போதும் விழித்திருப்பதாகவே தோன்றுகிறது. ஆற்றல் மிக்க ஒரு வஞ்சகப் பேய் எல்லாவற்றிலும் நம்மை ஏமாற்றுகிறது என்றால், கணக்கும்கூட ஆடுகிறது. ஐயப்படுகிற நான் இருக்கிறேன் என்பது மட்டும் மிஞ்சுகிறது. புலனிலும் கனவிலும் இதே தடுமாற்றத்தை இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி (இறப்பு 1111) ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே பதிவு செய்திருக்கிறார்.

இதில் கற்க வேண்டிய கைவேலை ஒன்று உண்டு. தெக்கார்த் நினைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. அவை எந்த ஊற்றிலிருந்து வந்தன என்று பார்த்து ஊற்றையே சோதிக்கிறார். உங்கள் நினைப்புகளில் பத்தை எழுதி, ஊற்றுவாரியாகக் கட்டுங்கள். நான்கைந்து கட்டுக்கு மேல் வராது.

ஆனால் நம் வாக்கியத்துக்கு இந்தக் கருவி உதவாது. வஞ்சகப் பேய் இருந்தால் வாக்கு மட்டும் இல்லை, வாக்குக் கேட்டவரும் இல்லாமல் போகிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லாத அளவுக்கு ஐயத்தைப் பெரிதாக்குவது புதியவர்களுக்குப் பிடித்தமான விளையாட்டு. உள்ளத்தில் ஐயமில்லாததைத் தாளில் மட்டும் ஐயப்படாதீர்கள் என்ற பொருளில் சார்லஸ் பியர்ஸ் 1868இல் எழுதினார். ஐயப்படவும் ஒரு காரணம் வேண்டும்.

எண்ணச் சோதனை

ஆய்வகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைப்பதுபோல, கற்பனையில் செய்வது. கட்டும் வரிசை இது. எந்தக் கூற்றைச் சோதிக்கிறோம் என்று முதலில் எழுதுங்கள். அந்தக் கூற்றில் உள்ள காரணத்தை மட்டும் நீக்கிய ஒரு சூழலைக் கட்டுங்கள். ஐந்து வரிக்குள் சொல்லி முடியுங்கள். தீர்ப்பை எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு கூறை மாற்றி மறுபடி எழுதுங்கள்.

நம் கூற்றில் காரணம், நம்பும்படி அழைத்தது. அதை எப்படி நீக்குவது? ஆளில்லாத தீவில் இருவர். ஒருவர் சாகும் தறுவாயில். "என் கையெழுத்துப் பிரதியை அச்சேற்று" என்று கேட்கிறார்; மற்றவர் வாக்குக் கொடுக்கிறார்; கேட்டவர் உடனே இறந்துவிடுகிறார். யாருக்கும் தெரியாது. நம்பிக் காரியத்தை அமைத்துக்கொள்ள அவருக்கு நேரமே இல்லை. தப்பித்து ஊர் திரும்பியவர் பிரதியைத் தூக்கி எறிந்தால் தவறா?

பெரும்பாலானவர்களுக்கு உள்ளே ஏதோ இடறுகிறது. இடறினால், நம்பிக்கையைத் தவிர வேறொன்றும் வாக்கைக் கட்டுகிறது என்று பொருள். இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வாக்குக் கொடுத்தவர் சொன்னது கேட்பதற்கு முன்பே மற்றவர் இறந்துவிட்டார். இடறல் குறைகிறதா? குறைந்தால், கேட்டவர் ஏற்றுக்கொண்டது என்ற நிபந்தனைக்கு எடை இருக்கிறது. இன்னொரு மாற்றம்: பிரதி படு மட்டமான எழுத்து. வேறொரு மாற்றம்: அச்சிட்டால் உயிருள்ள ஒருவருக்குத் தீங்கு வரும்.

கெடும் இடங்கள் மூன்று. இறந்தவர் ஏழை, நல்லவர், மூன்று குழந்தைகளின் தந்தை என்று கண்ணீரைச் சேர்த்தால் தீர்ப்பு கண்ணீருக்குக் கிடைக்கும். "இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது" என்பது பதில் ஆகாது. உராய்வில்லாத தளமும்தான் எங்கும் கிடையாது, இயற்பியலில் அதை வைத்துக் கணக்குப் போடுகிறோம். மூன்றாவது, வரிசை. முதலில் கேட்ட சூழல் அடுத்ததன் தீர்ப்பைச் சாய்க்கும். அதே சூழல்களை வேறொருவரிடம் தலைகீழ் வரிசையில் சொல்லித் தீர்ப்பை வாங்கி, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

எதிர்த்தரப்பை அவரைவிட நன்றாகச் சொல்வது

எல்லா முறைகளிலும் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகுதான் வருகிறது. உலகாயதன் (சார்வாகன்) தொடங்கிப் பதினான்கு எதிர்த்தரப்பாரின் மதத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, மறுத்து முடிக்கிறது பரபக்கம். அதே நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸும் ஒவ்வொரு கேள்வியிலும் எதிர்ப்புகளை முதலில் அடுக்கி, பிறகே தம் விடையைத் தந்தார். வெவ்வேறு கண்டங்கள், ஒரே ஒழுங்கு.

உங்களுக்கான அளவு: எதிர்த்தரப்புக்கு ஒரு முழுப் பக்கம், அதில் "ஆனால்" என்ற சொல் ஒருமுறைகூட வரக் கூடாது. அந்தத் தரப்பில் உண்மையாகவே நிற்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று அவர் சொல்லும்வரை மறுப்பைத் தொடங்கக் கூடாது.

நம் கேள்வியில் இந்தப் பக்கம் ஹியூம். வாக்கு என்பது மனிதர் ஒருவரோடு ஒருவர் காரியம் நடத்துவதற்காக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்துக்கு அப்பால் அதற்குத் தனிக் கட்டு எதுவும் கிடையாது. அந்தப் பக்கம் காண்ட் (1785): திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் "தருகிறேன்" என்று சொல்லிக் கடன் வாங்குகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அதுவே விதியானால் எவரும் எவர் வாக்கையும் நம்பமாட்டார்கள். வாக்கு என்ற ஒன்றே இருக்காது. தன்னையே அழித்துக்கொள்ளும் விதியைப் பின்பற்ற முடியாது. தீவுச் சோதனை உங்களை எந்தப் பக்கம் தள்ளியதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தின் சார்பில் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள்.

கூட்டாக விவாதிக்கிறவர்களுக்கு நியாய மரபு ஒரு நல்ல எல்லைக்கோடு போட்டுத் தந்திருக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது சல்பம். தனக்கென்று ஒரு தரப்பும் வைக்காமல் அடுத்தவரை உடைப்பது மட்டும் விதண்டை. "விதண்டாவாதம்" என்று அன்றாடம் திட்டுகிறோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது. உட்காரும்போதே இன்று எது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சமன் செய்வது

இந்நேரம் நோட்டில் இரண்டு வகைச் சரக்கு சேர்ந்திருக்கும்: தனித்தனிச் சூழல்களில் உங்கள் தீர்ப்புகள், அவற்றை விளக்க முயலும் பொதுவிதிகள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. நெல்சன் குட்மன் 1955இல் ஏரண விதிகளுக்காகச் சொன்ன வழியை ஜான் ரால்ஸ் 1971இல் நீதிக்குக் கொண்டுவந்தார்: விதி தீர்ப்போடு மோதினால் சிலபோது விதியைத் திருத்து, சிலபோது தீர்ப்பைக் கைவிடு, இரண்டும் அமையும்வரை முன்னும் பின்னும் போ.

எதை விடுவது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஐந்துக்குள் உறுதி மதிப்பெண் போடுங்கள். கோபமாக இருந்தபோதோ ஆதாயம் இருந்தபோதோ போட்ட தீர்ப்புக்கு இரண்டைக் குறையுங்கள். சித்தம் கலங்கியவருக்கு ஆயுதம் தரக் கூடாது என்பதற்கு ஐந்து கிடைக்கும். தீவில் பிரதியை எறியக் கூடாது என்பதற்கு மூன்று கிடைக்கலாம். மூன்றுக்காக ஒரு நல்ல விதியை உடைக்க வேண்டியதில்லை. இதன் ஆபத்து வெளிப்படை: ஏற்கெனவே நினைத்ததையே அழகாக அடுக்கி வைத்துவிட்டுச் சமன் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு தீர்ப்பாவது கைவிடப்படவில்லை என்றால் சமன் செய்யும் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது

எந்தக் காரணத்துக்கும் "அதற்கு என்ன காரணம்?" என்று கேட்டுக்கொண்டே போகலாம். பழைய கிரேக்க ஐயவாதி அக்ரிப்பாவின் பெயரில் வழங்கும் கணக்குப்படி மூன்றே முடிவுகள்: முடிவில்லாமல் போகும், சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வரும், அல்லது காரணமில்லாமல் ஓர் இடத்தில் நிற்கும். நடைமுறையில் எல்லாரும் மூன்றாவதில்தான் நிற்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே நின்றோம் என்று தெரியாமல் நிற்பதுதான் கெடுதல். இடது பக்கத்தின் அடியில் கடைசி வாக்கியத்தை எழுதி, "காரணம் காட்டாமல் ஏற்றது" என்று ஒரு வரி சேர்த்து, தேதி போடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நோட்டின் வலது பக்கத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, இந்தக் குறிப்புகளெல்லாம் எந்த வாக்கியத்தைப் பற்றியவை என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் கடைசியில் எழுதியதும் வேறு வேறாக இருந்தால், அவர் சொன்னதை இடது பக்கத்தில் எழுதிக்கொண்டு "சொல்லை அளப்பது" பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.